பெட்டிக்காசும் காப்புறுதி அட்டையும்

நாட்கூலிக்கு உழைக்கும் ஒருவன் நோயிற் படுத்தால் அவன் வீட்டில் இரண்டு கேடுகள் ஒருங்கே நுழைகின்றன. ஒன்று நோய், மற்றது கூலி நின்றுபோதல். வைத்தியருக்குக் கொடுக்க வேண்டிய பணம் முதலாவது கேட்டினால் வருவது. அடுப்பெரிய வேண்டிய பணம் இரண்டாவது கேட்டினால் இல்லாமற் போவது. மருத்துவக் காப்புறுதியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதலாவதையே மனத்திற் கொள்கின்றனர். அவ்வேற்பாடு பிறந்து வளர்ந்த வரலாற்றை நோக்கினாலோ, அதனைத் தோற்றுவித்த எளிய மக்கள் வைத்தியரின் கட்டணத்திலும் பார்க்க வெறும் பானைக்கே அதிகம் அஞ்சினர் என்பது புலனாகும்.

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளியிடம் கட்டணம் கேட்பாரில்லை. ஆதலால், நோய்க்கென்று கூலியிலே ஒரு பகுதியை வாரந்தோறும் எடுத்து வைத்த மக்களின் கதை இங்குள்ளவர்களுக்குச் சற்றே தொலைவானதாகத் தோன்றக்கூடும். ஆயினும் வாயிலிற் பணம் கேளாத வைத்தியசாலை என்னும் எண்ணம் ஒரே நாளில் உருவானதன்று. அதற்கு முன் பல தலைமுறையாகத் தொழிலாளர் தத்தம் காசைச் சேர்த்து, கூடிக் கணக்குப் பார்த்து, பிழைகள் விட்டு, திருத்திக்கொண்டு வந்த ஒரு நீண்ட முயற்சி இருந்தது.

ஜேர்மனியிலே ஹார்ஸ் மலைத்தொடரின் வடசாரலிற் கோஸ்லார் என்னும் பழைய நகர் உள்ளது. அதனை அடுத்துள்ள ராமெல்ஸ்பேர்க் மலையிலிருந்து செம்பும் ஈயமும் வெள்ளியும் பல நூற்றாண்டுகளாகத் தோண்டி எடுக்கப்பட்டன. 1988 ஆம் ஆண்டிலேதான் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. 1260 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 28 ஆம் நாள் ஹில்டெஸ்ஹைம் மேற்றிராணியார் வழங்கிய ஆவணமொன்று, அம்மலையிற் சுரங்கத் தொழிலாளருக்கென அருளப்பர் பெயரால் அமைந்திருந்த சகோதர சங்கம் ஒன்றைத் தமது பாதுகாப்பில் ஏற்கின்றது. நோயுற்றோரையும் வறியோரையும் தாங்குவதே அச்சங்கத்தின் வேலை. சுரங்கத் தொழில் அன்றும் இன்றும் உயிரைப் பணயம் வைக்கும் தொழில். பாறை சரியும்; நீர் புகும்; தூசு நெஞ்சை அடைக்கும். ஆதலினாற்போலும், ஒருவரையொருவர் தாங்கும் வழக்கம் ஏனைய தொழிலாளரிடையே வேரூன்றுமுன் சுரங்கத்தாரிடையே வேரூன்றிற்று. கூலி வாங்கும் நாளில் ஒரு பெட்டியினுள் ஒரு காசு இட வேண்டும். அதனைப் பெட்டிக்காசு என்றே வழங்கினர். அந்தப் பெட்டியே மருத்துவக் காப்புறுதியின் தொட்டில்.

பெட்டியின் தத்துவம் எளியது. நூறு பேரில் எவர் இவ்வாண்டு நோயுறுவர் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால், நூறு பேரில் ஏறக்குறைய எத்தனை பேர் நோயுறுவர் என்பதைப் பழைய கணக்கைக் கொண்டு ஓரளவு சொல்லலாம். ஆயிரம் பேரானால் அக்கணக்கு இன்னும் உறுதிப்படும். தனியொருவனுக்குத் தாங்கமுடியாத சுமை, ஆயிரம் பேர் தோள் கொடுக்கும்போது வாரத்துக்குச் சில காசாகக் குறைந்துவிடுகிறது.

இதிலே ஒரு முள்ளும் உண்டு. சேர்வதும் விலகுவதும் அவரவர் விருப்பம் என்று விட்டால், உடல் வலிமையுள்ள இளைஞன் "எனக்கு என்ன நேரப்போகிறது" என்று வெளியே நிற்பான். நோயாளியும் முதியவனும் முந்திக்கொண்டு சேர்வர். பெட்டிக்குட் போகும் காசிலும் அதிலிருந்து வெளியேறும் காசு மிகும். சந்தாவை உயர்த்தினால் எஞ்சியிருந்த திடகாத்திரரும் விலகுவர். இவ்வாறு முறிந்துபோன சங்கங்கள் ஐரோப்பாவிற் பல. கட்டாயம் என்னும் கடுஞ்சொல் காப்புறுதியின் வரலாற்றிற் புகுந்தது இந்த முள்ளை எடுப்பதற்காகவே. பிரஷ்ய அரசு 1854 ஆம் ஆண்டிலேயே சுரங்கத் தொழிலாளர் சங்கங்களிற் சேர்வதைக் கட்டாயமாக்கிற்று. மற்றத் தொழிலாளருக்கு அந்தக் காலம் வர மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன.

அதனைக் கொண்டுவந்தவர் ஏழைகளுக்காகக் கண்ணீர் வடித்த ஒரு சீர்திருத்தவாதி அல்லர். ஜேர்மன் பேரரசின் முதலமைச்சர் ஓட்டோ ஃபொன் பிஸ்மார்க், நிலப்பிரபுக்களின் குலத்திலே தோன்றி, போரினாலும் தந்திரத்தினாலும் ஜேர்மனியை ஒன்றாக்கியவர். 1878 ஆம் ஆண்டிற் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் மீது இருமுறை கொலைமுயற்சி நடந்தது. அதனைக் காரணங் காட்டிப் பிஸ்மார்க் சமதர்மக் கட்சியின் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றினார். ஆயினும் தொழிலாளரின் மனம் தடையினால் மாறவில்லை. ஒரு கையிற் பிரம்பு எடுத்தவர் மறு கையிற் பண்டம் எடுக்க எண்ணினார். 1881 ஆம் ஆண்டு நவம்பர் 17 ஆம் நாட் பேரரசரின் பெயரால் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட செய்தியில், சமூகக் குறைகளை அடக்குமுறையினால் மாத்திரம் தீர்த்தல் இயலாது என்னும் கருத்து வெளிப்படையாகவே சொல்லப்பட்டது.

பிஸ்மார்க்கின் உள்ளத்தில் இருந்தது பெரும்பாலும் விபத்துக் காப்புறுதியே. அரசின் பணம் தொழிலாளியின் கைக்குச் சென்றால் அவன் அரசுக்கு விசுவாசமாக இருப்பான் என்பது அவர் கணக்கு. நாடாளுமன்றமோ அரசின் பணத்தை இவ்வழியில் விடுவதற்கு இலகுவில் இணங்கவில்லை. அந்த வாதம் நீண்டுகொண்டிருக்க, தியோடோர் லோமான் என்னும் உயர்தர உத்தியோகத்தர் முன்னின்று வரைந்த நோய்க் காப்புறுதிச் சட்டம் முந்திக்கொண்டது. 1883 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் நாடாளுமன்றம் அதனை ஏற்றது. யூன் 15 ஆம் நாட் சட்டமாகியது. 1884 ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒரு தேசம் முழுவதற்கும் பொதுவான கட்டாய நோய்க் காப்புறுதி உலகிலே தோன்றியது இவ்வாறுதான்.

அச்சட்டம் கொடுத்தது என்ன? ஆலைத் தொழிலாளி நோயுற்றால் முதல் நாள் தொட்டே வைத்தியமும் மருந்தும் இலவசம். வேலைக்குப் போக முடியாதவனுக்கு மூன்றாம் நாள் தொடங்கி, அவ்வூரில் வழங்கும் நாட்கூலியிற் பாதி, 13 வாரம் வரை. வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டால் அவனை நம்பியிருந்த குடும்பத்துக்கு அந்தப் படியிற் பாதி. மகப்பேற்றின்பின் தொழிலாளப் பெண்ணுக்குச் சில வாரப் படி. இறந்தால் ஈமச்செலவுக்கு ஒரு தொகை. இவற்றுக்கான சந்தாவின் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் கொடுத்தனர்.

மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளி கொடுப்பதா என்று இக்காலத்தவர் முகஞ் சுளிக்கலாம். ஆனால், அந்தப் பங்கீட்டினால் விளைந்த ஒன்றைப் பிஸ்மார்க் எதிர்பார்க்கவில்லை. நோய்நிதிகளை அரசாங்க அலுவலர் நடத்தவில்லை; பணங் கொடுத்தோரே நடத்தினர். நிருவாக சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆசனம் தொழிலாளருக்கே உரியதாயிற்று. சமதர்மவாதிகள் முதலில் இத்திட்டத்தை ஐயத்தோடு பார்த்து ஒதுங்கி நின்றனர். சில ஆண்டுகளில் அவர்களுக்கு உண்மை விளங்கிற்று. கூட்டம் போட முடியாத கட்சியினர் நோய்நிதியின் சபையிற் சட்டப்படி கூடலாம், கணக்கெழுதப் பழகலாம், வைத்தியரோடும் முதலாளியோடும் ஒரே மேசையிலிருந்து பேரம் பேசலாம். தொழிலாளரைச் சமதர்மத்திலிருந்து பிரிப்பதற்கு இயற்றப்பட்ட சட்டம், அக்கட்சியினருக்கு நிருவாகப் பயிற்சி அளிக்கும் பள்ளிக்கூடமாக மாறிற்று. 1890 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏனைய கட்சிகள் எல்லாவற்றிலும் அதிக வாக்குகளை அக்கட்சி பெற்றது. அதே ஆண்டு மார்ச்சு மாதத்திற் பிஸ்மார்க் பதவி துறந்தார். தடைச்சட்டமும் அவ்வாண்டிலே காலாவதியாயிற்று. காப்புறுதிச் சட்டம் மாத்திரம் நிலைத்தது.

அக்காலத்து வைத்தியம் எத்தன்மையது என்பதையும் நினைத்தல் வேண்டும். 1884 ஆம் ஆண்டின் வைத்தியரிடம் இன்றுள்ள மருந்துகளில் மிகச் சிலவே இருந்தன. நோவு தணிக்க அபினிச் சத்தும், மலேரியாவுக்குக் கொயினாவும், பெரியம்மைக்குப் பாற்குத்தும் இருந்தன. கிருமிகளை அழிக்கும் மருந்துகள் தோன்ற இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. ஆனால், இலவசமாக வைத்தியரிடம் போக முடிந்ததால் மாத்திரம் மக்களின் ஆயுள் நீண்டதா என்ற வினா எழுகின்றது. நீண்டது என்பதற்குச் சான்று உண்டு. பிரஷ்யாவின் மரணப் பதிவுகள் தொழில்வாரியாக எழுதப்பட்டிருந்தன. அண்மைக் காலப் பொருளாதார வரலாற்றாசிரியர் சிலர் அவற்றை எடுத்து, காப்புறுதி பெற்ற தொழிலாளரையும் அது பெறாத அரசாங்க உத்தியோகத்தரையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். சட்டம் வந்தபின் தொழிலாளரிடையே மரணம் அதிகமாகக் குறைந்திருந்தது. மருந்தின் வலிமை அதற்குக் காரணமாக இருந்திருக்க முடியாது. வைத்தியர் முதன்முறையாகத் தொழிலாளியின் வீட்டு வாயிலை மிதித்தார். எச்சிலைக் கண்டவிடத்தில் துப்பாதே, நீரைக் கொதிக்கவை, நோயாளியைத் தனியே படுக்கவிடு என்று சொன்னார். ரொபேர்ட் கொக் 1882 ஆம் ஆண்டு மார்ச்சு 24 ஆம் நாட் பெர்லினிலே காசநோய்க் கிருமியைக் கண்டதாக அறிவித்திருந்தார். அந்த அறிவு நூலகங்களிலே தங்கிவிடாமல் ஆலைத் தொழிலாளியின் சமையலறை வரை சென்றதற்கு நோய்நிதி ஒரு பாலமாயிற்று.

இன்னொரு நன்மை கணக்கு வழியாகவே வந்தது. நோயாளிக்குப் படி கொடுப்பவன் நோய் வராமலிருப்பதை விரும்புவான். 1889 ஆம் ஆண்டு முதுமை, ஊனக் காப்புறுதிச் சட்டம் இயற்றப்பட்டபின், காசநோயால் இளமையிலேயே உழைக்கும் வலிமை இழந்தோருக்கு ஓய்வூதியங் கொடுத்து நிதி தேய்வதைக் காப்புறுதி நிறுவனங்கள் கண்டன. ஆயுள் முழுவதும் படி கொடுப்பதிலும், சில மாதம் நல்ல காற்றும் உணவும் கொடுத்துத் தேற்றுவது மலிவு என்று அவை முடிவு செய்தன. பெர்லின் நிறுவனம் 1898 ஆம் ஆண்டிற் பீலிட்ஸ் என்னுமிடத்துப் பைன்மரக் காட்டினுள்ளே தொழிலாளருக்கெனப் பெரியதொரு காசநோய் ஆரோக்கியசாலையைக் கட்டத் தொடங்கியது. செல்வர்கள் மாத்திரம் மலைநாடு சென்று தேறிவந்த நோய்க்கு நெசவாளியும் கொல்லனும் காட்டுக் காற்று வாங்க முடிந்தது.

வைத்தியர்கள் அனைவரும் இதனால் மகிழ்ந்தனர் என்று எண்ணலாகாது. நோய்நிதி தனக்கு வேண்டிய வைத்தியரை மட்டும் தெரிந்து, தான் வைத்த சம்பளத்தைக் கொடுத்தது. படித்த வைத்தியர் ஒரு கொல்லனும் தச்சனும் அமர்ந்த சபையிடம் வேலை கேட்பதா என்னும் மனக்குறை ஒருபுறம், வருமானக் குறை மறுபுறம். 1900 ஆம் ஆண்டில் ஹேர்மன் ஹார்ட்மன் என்னும் லைப்சிக் வைத்தியர் தம் தொழிலாரைச் சங்கமாகத் திரட்டினார். வேலைநிறுத்தங்களும் பகிஷ்காரங்களும் நடந்தன. 1913 ஆம் ஆண்டு டிசெம்பரிற் பெர்லினிலே இரு தரத்தாரும் உடன்படிக்கை செய்துகொண்ட பின்னரே ஓரளவு அமைதி ஏற்பட்டது. இக்கதை பின்னர் நாட்டுக்கு நாடு திரும்ப நடந்தது.

பிரித்தானியாவிலே நிலைமை வேறாயிருந்தது. அங்கு நட்புறவுச் சங்கங்கள் எனப்பட்ட பரஸ்பர உதவிச் சங்கங்கள் பல இலட்சம் அங்கத்தவரைக் கொண்டிருந்தன. ஒழுங்கான வேலையும் நல்ல கூலியும் உள்ள கைவினைஞன் அவற்றிற் சேர்ந்து வாரந்தோறும் சந்தா கட்டினான். நோயுற்றபோது படி பெற்றான். வேலை நிலையற்றவனுக்கோ, வாரச்சந்தா கட்டவியலாத கூலியாளுக்கோ அங்கு இடமில்லை. எவனுக்கு உதவி மிகத் தேவையோ அவனே வெளியே நின்றான். அவனுக்கு எஞ்சியது வறியோர் சட்டத்தின் கீழ் நடந்த வைத்தியம். 1885 ஆம் ஆண்டு வரை அதனை ஏற்றவன் வாக்குரிமையையும் இழந்தான். ஒரு புட்டி மருந்துக்காகக் குடியுரிமையை விற்பதா என்று நோயைப் பொறுத்துக்கொண்டு கிடந்தோர் பலர்.

டேவிட் லோயிட் ஜோர்ஜ் இதனைப் புத்தகத்திற் படித்தறிந்தவர் அல்லர். பள்ளி ஆசிரியராயிருந்த அவர் தந்தை 1864 ஆம் ஆண்டில் நிமோனியாவினால் இறந்தபோது குழந்தைக்கு ஒன்றரை வயது. வட வேல்ஸ் கிராமமொன்றிற் செருப்புத் தைத்துவந்த மாமனார் ரிச்சட் லோயிட் அக்குடும்பத்தை ஏற்று வளர்த்தார். நிதியமைச்சரானபின் 1908 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் லோயிட் ஜோர்ஜ் ஜேர்மனிக்குச் சென்று அங்குள்ள ஏற்பாட்டை நேரிற் கண்டார். பின்னர் பிரெய்த்வெயிற் என்னும் இளம் உத்தியோகத்தரை அதன் நுணுக்கங்களை ஆராயுமாறு அங்கு அனுப்பினார். அவர் ஆராய்ந்து திரும்பியபோது அமைச்சர் தென் பிரான்சில் ஓய்விலிருந்தார். 1911 ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில் நீஸ் நகரின் கடற்பாலத்தில் இருந்தவாறே ஜேர்மன் முறை அவருக்கு விளக்கப்பட்டது. இரண்டு தேசங்களும் போர்க்கப்பல்களைப் போட்டிக்குக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் போட்டியின் நடுவே ஒரு நல்ல எண்ணமும் வடகடலைக் கடந்து வந்தது.

தேசியக் காப்புறுதிச் சட்டம் 1911 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆம் நாள் அரசரின் சம்மதம் பெற்றது. வாரந்தோறும் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ். நான்கு பென்ஸ் கொடுத்து ஒன்பது பென்ஸ் பெறுங்கள் என்று ஊர் ஊராக விளம்பரம் செய்யப்பட்டது. நோயுற்ற ஆணுக்கு வாரம் 10 சிலிங், பெண்ணுக்கு 7 சிலிங் 6 பென்ஸ், 26 வாரம் வரை, பட்டியலில் உள்ள வைத்தியரின் சிகிச்சையும் மருந்தும், காசநோய்க்கு ஆரோக்கியசாலை, மகப்பேற்றுக்கு 30 சிலிங். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அட்டை கொடுக்கப்பட்டது. முதலாளி வாரந்தோறும் அதில் முத்திரை ஒட்ட வேண்டும். வேலைக்காரிகளின் அட்டைக்கு எசமானிகள் முத்திரையை நாவினால் நனைத்து ஒட்டுவதா என்று சீமாட்டிகள் சிலர் கொதித்தெழுந்து, 1911 நவம்பரில் இலண்டன் அல்பேட் மண்டபத்தில் வேலைக்காரிகளையும் கூட்டிவைத்துக் கண்டனக் கூட்டம் நடத்தியதை இன்று படிப்போர்க்குச் சிரிப்பு வரும். வைத்தியர் சங்கத்தின் எதிர்ப்போ சிரிப்புக்குரியதன்று. தாம் ஒத்துழையோம் என்று அது இறுதி வரை மிரட்டிற்று. ஆனால், வைத்திய உதவி தொடங்கவேண்டிய 1913 சனவரி 15 ஆம் நாள் நெருங்கியபோது ஆயிரக்கணக்கான வைத்தியர் தாமாகவே கையொப்பமிட்டுவிட்டனர். ஏழைகள் வாழும் தெருக்களில் தொழில் நடத்திய வைத்தியருக்கு, வாராக் கடனுக்குப் பதிலாக நிச்சயமான வருமானம் கிடைத்தது. காப்புறுதியின் பயனை நோயாளியின் பக்கத்திலிருந்து மட்டும் பார்ப்போர் இதனைத் தவறவிடுவர்.

மகப்பேற்றுப் படியான 30 சிலிங், சாதாரணத் தொழிலாளி ஒருவனின் வாரக்கூலியிலும் அதிகம். சட்டப்படி அது காப்புறுதியாளனான கணவனின் கைக்கே சென்றது. அது தாயை எப்போதும் அடைந்ததா என்று கேட்கத் தேவையில்லை. மார்கரெட் லுவெலின் டேவிஸ் தலைமையில் இயங்கிய பெண்கள் கூட்டுறவுச் சங்கம் இடைவிடாது வாதாடி, 1913 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் அப்பணத்தைத் தாயின் சொத்தாக்கியது.

அந்தச் சிறு வெற்றி, திட்டத்தின் பெருங்குறையை மறைத்தல் ஆகாது. அட்டை, கூலி பெறுவோனுக்கு மட்டுமே உரியது. அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியர் இல்லை. ஒரே வீட்டில், ஒரே காய்ச்சலுக்கு, தகப்பனுக்கு வைத்தியர் வருவார். தாய் இஞ்சியும் பொறுமையும் கொண்டு தேற வேண்டும். வேலைக்குச் சென்று அட்டை பெற்ற பெண்களிடையே எதிர்பார்த்ததிலும் அதிகமானோர் நோய்ப்படி கேட்டு வந்தபோது, அவர்கள் நடிக்கின்றனர் என்று சில சங்கங்கள் முணுமுணுத்தன. இதனை ஆராய ஒரு குழுவே அமர்த்தப்பட்டது. அப்போது வெளிப்பட்டது நடிப்பன்று. யாரும் எண்ணிப் பாராதிருந்த நோய். 1939 ஆம் ஆண்டில் மார்ஜரி ஸ்பிரிங் ரைஸ் வெளியிட்ட நூல், தொழிலாளர் குடும்பத்து மனைவியர் 1,250 பேரின் உடல்நிலையைப் பதிந்தது. இரத்தசோகை, பல்நோய், மகப்பேற்றின்பின் சீர்செய்யப்படாத புண், கால் நரம்புப் புடைப்பு என்று பட்டியல் நீண்டது. அவர்களிற் பலர் பல்லாண்டாக வைத்தியரைக் கண்டதே இல்லை. நோயில்லாமையினால் அன்று, காசை ரொட்டிக்கு வைத்திருந்தமையினால்.

ஆனால், இக்குறையைச் சட்டம் இயற்றியவர்கள் உணருமுன் ஒரு சிற்றூர் உணர்ந்திருந்தது. தென் வேல்சின் நிலக்கரிப் பள்ளத்தாக்கொன்றில் உள்ளது திரெடீகர். அங்குள்ள சுரங்கத்தாரும் உருக்காலைத் தொழிலாளரும் 1890 ஆம் ஆண்டளவில் வைத்திய உதவிச் சங்கமொன்றை அமைத்தனர். கூலியில் ஒவ்வொரு பவுணுக்கும் 3 பென்ஸ் பிடித்துச் சங்கத்துக்குக் கட்டினர். இங்கு இரண்டு சிறப்புகள் உண்டு. ஒன்று, எல்லோருக்கும் ஒரே தொகையன்றி, கூலிக்கேற்ற தொகை. குறைந்த கூலி பெற்றவன் குறையக் கட்டினான், பெற்ற சிகிச்சையோ குறையவில்லை. மற்றது, தொழிலாளியோடு அவன் குடும்பமும் சேர்ந்தே உதவி பெற்றது. காலஞ் செல்லச் செல்லச் சங்கம் வைத்தியர் பலரையும் பல் வைத்தியரையும் சம்பளத்துக்கு அமர்த்தியது. மூக்குக்கண்ணாடி, செயற்கைப் பல், செயற்கைக் கால் ஆகியவற்றுக்கும் ஏற்பாடு செய்தது. தொலைவிலுள்ள பெரிய வைத்தியசாலைக்குச் செல்வோருக்கு வழிச்செலவும் கொடுத்தது. கரித்தூசு படிந்த அந்த ஊரில் பெரும்பாலான மக்கள் சங்கத்தின் பாதுகாப்பில் இருந்தனர்.

அச்சங்கத்தில் 1921 முதல் 1924 வரை பணியாற்றிய வைத்தியருள் ஒருவர் ஏ. ஜே. குரோனின். அவர் 1937 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிற்றடெல் என்னும் நாவலிலே அந்த அனுபவம் வேறு பெயரில் இடம்பெறுகின்றது. நாவலில் வரும் தொழிலாளர் சபை எப்போதும் நேர்மையாகவோ அறிவாகவோ நடக்கவில்லை. வைத்தியரை விசாரணைக்கு அழைத்து நிறுத்துகின்றது. மக்களே நடத்தும் நிறுவனத்தில் மக்களின் சிறுமைகளும் கூடவே வந்து அமர்வது இயல்பு. ஆனால், கட்டணத்தை நினையாது நோயை மட்டும் நினைத்து வைத்தியம் பார்க்கக்கூடிய இடம் ஒன்று உண்டு என்பதும் அப்பள்ளத்தாக்கிலேதான் விளங்கிற்று.

அதே ஊரில் 1897 ஆம் ஆண்டு ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் அனைரின் பெவன். பதின்மூன்றாம் வயதிற் சுரங்கத்துள் இறங்கினார். சங்கத்தினதும் ஊர் வைத்தியசாலையினதும் அலுவல்களிற் பங்குகொண்டு, எண்ணும் எழுத்தும் போலவே நிருவாகமும் கற்றார். அவர் தந்தை 1925 ஆம் ஆண்டிற் சுரங்கத் தூசினால் நெஞ்சு அடைத்து இறந்தார். அந்நோய் தொழில்நோயென அக்காலச் சட்டம் ஏற்காமையால் நட்ட ஈடு கிடைக்கவில்லை. சங்கம் நடத்தக்கூடிய அளவு நன்றாக நடந்த ஊரிலும், சங்கத்தால் தடுக்க முடியாத சாவு இருந்தது. ஒரு சிற்றூரின் பெட்டிக்கு எல்லை உண்டு. சுரங்கம் மூடப்பட்டு ஊரே வேலையிழந்தால் சந்தா கட்டுவோர் யார்? 1920 ஆம் ஆண்டுகளின் மந்தகாலத்தில் வேல்ஸ் பள்ளத்தாக்குகள் இதனைக் கண்ணாரக் கண்டன. தேசியத் திட்டத்திலும் இதே நோய் இருந்தது. அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் வழியாகவே பணம் வழங்கப்பட்டமையால், எழுதுவினைஞர் நிறைந்த சங்கம் மிச்சம் பிடித்துப் பல் வைத்தியமும் கொடுத்தது. சுரங்கத்தார் நிறைந்த சங்கமோ நோய்ப்படி கொடுத்து முடிவதற்குள் வறண்டது. ஆபத்து மிக்க தொழிலைச் செய்தோருக்கு நன்மை குறைவு என்னும் இந்தத் தலைகீழ்க் கணக்கைத் திருத்துவதற்குப் பெட்டியைப் பெரிதாக்குவதன்றி வேறு வழியில்லை.

பெட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதில் இரு தேசங்களும் பிரிந்தன. ஜேர்மனி நோய்நிதி முறையையே விரித்துக்கொண்டு சென்றது. 1911 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு வயல் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் உள்ளே கொண்டுவந்தது. 1930 ஆம் ஆண்டிற் குடும்பத்தவருக்கும் வைத்தியம் அளித்தல் கட்டாயமாயிற்று. 1933 இன் பின் நாசியர் தொழிலாளரின் நிருவாக சபைகளைக் கலைத்து, யூத வைத்தியர்களையும் சமதர்மவாதிகளையும் துரத்தினர். போரின்பின் மேற்கு ஜேர்மனியில் சபைகள் மீண்டும் உயிர்பெற்றன. இன்றும் அந்நாட்டு மக்களிற் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிஸ்மார்க் காலத்து வேரிலிருந்து கிளைத்த நோய்நிதிகளின் அங்கத்தவரே.

பிரித்தானியா வேறு வழியிற் சென்றது. இளமையில் ஜேர்மனிக்குச் சென்று காப்புறுதியை ஆராய்ந்த வில்லியம் பெவரிஜ் 1942 ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளியிட்ட அறிக்கை, நாட்டு மக்கள் யாவருக்கும் பொதுவானதொரு சுகாதார சேவையை முன்னுகித்திருந்தது. 1945 இற் சுகாதார அமைச்சரான பெவன் அதனைத் திரெடீகரின் கண்கொண்டு பார்த்தார். தம் ஊரில் நடந்ததை நாடு முழுவதற்கும் ஆக்குவதே தம் எண்ணம் என்று அவர் மறைக்கவில்லை. 1948 ஆம் ஆண்டு யூலை 5 ஆம் நாள் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அன்றே புதிய தேசியக் காப்புறுதியும் நடைமுறைக்கு வந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்தல் நன்று. கூலியிழப்புக்கான நோய்ப்படி சந்தாவை அடிப்படையாகக் கொண்ட காப்புறுதியிலேயே தங்கிற்று. வைத்தியமோ பெரும்பாலும் பொதுவரியிலிருந்து நடந்தது. அதனைப் பெறுவதற்கு அட்டையில் முத்திரை தேவைப்படவில்லை. கோஸ்லார்த் தொழிலாளியின் வீட்டிற் புகுந்த இரண்டு கேடுகளும் இவ்வாறு இரண்டு வழியாகப் பிரித்துத் தடுக்கப்பட்டன.

அன்றும் அதனை அடுத்த மாதங்களிலும் வைத்தியசாலைகளில் வந்து குவிந்தோரைப் பற்றி வைத்தியர் பலர் எழுதி வைத்துள்ளனர். முன்னே வந்தவர்களிற் பெண்கள் மிகுதி. பிள்ளைப்பேற்றின்போது சரிந்த கருப்பையை ஆண்டுக்கணக்காகத் துணியாற் கட்டித் தாங்கிக்கொண்டு வீட்டு வேலை செய்துவந்தவர்கள் அவர்களுள் இருந்தனர். காட்ட வெட்கப்பட்டிருந்தனர் என்று சிலர் கருதினர். அவர்களோ, கேட்க யாருமில்லை என்றே இருந்திருந்தனர். கடைகளிற் சில்லறை விலைக்கு வாங்கிய கண்ணாடியை இரவல் மாற்றி மாற்றி அணிந்துவந்த முதியோர் தம் கண்ணுக்கேற்ற கண்ணாடி பெற்றனர். முதலாண்டில் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட மூக்குக்கண்ணாடிகள் வழங்கப்பட்டன. இத்தனை தேவை இதுவரை எங்கே ஒளிந்திருந்தது என்று திறைசேரி திகைத்தது.

1951 ஆம் ஆண்டு ஏப்பிரலிற் கொரியப் போரின் படைச்செலவை ஈடுசெய்ய வேண்டி, செயற்கைப் பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் செலவிற் பாதியை நோயாளியிடமே அறவிடுவதென நிதியமைச்சர் ஹியூ கேற்ஸ்கெல் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார். அரசின் மொத்தச் செலவோடு ஒப்பிடின் அது சிறு தொகை. இரண்டு வாரங்கூடச் செல்லவில்லை; பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார்.